தடுப்புச் சுவர் விரிசல்: எதை, எப்படி அளப்பது?

செம்பனைக்காடு கேட்கிறார்:
ஐயா, வணக்கம். மலேசியாவில் கோலக் குபு பாருவுக்கு அருகே ஒரு பழைய தோட்டத்தில் வசிக்கிறோம். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் கல் தடுப்புச் சுவரில் விழுந்த விரிசலைத் தீபாவளிக்கு முன் சிமெண்டால் பூசினோம். பூச்சின் நடுவிலேயே அது மீண்டும் பிளந்துவிட்டது. சுவர் விழுமா என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா?

மேட்டுநிலம்:
தம்பி, இனிமேல் பூச வேண்டாம். சுவர் இன்னும் நகர்கிறது என்று அந்தப் பூச்சே காட்டிக்கொடுத்துவிட்டது. விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு கான்கிரீட் ஆணியை அடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாள்தோறும் காலையில் வெர்னியர் காலிப்பரால் (மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் காட்டும் அளவுகோல்) அளந்து, நேராக நிற்கும் பக்கங்களையுடைய ஒரு தகர டின்னில் சேர்ந்த மழையின் உயரத்தோடு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு நாள் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விரிசல் அகலும் வேகம் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. 1-ஐ அந்த வேகத்தால் வகுத்துத் தாளில் குறித்து வந்தால், சரிவு நெருங்கும்போது புள்ளிகள் சுழியத்தை நோக்கி இறங்கும். அவற்றின் வழியே இழுத்த கோடு சுழியத்தைத் தொடும் நேரமே சரியும் நேரம் என மதிப்பிடும் முறையை, செயற்கை மழை பொழியவிட்டுச் செய்த சோதனைகளிலிருந்து ஜப்பானியரான ஃபுகுசோனோ 1985-இல் வகுத்தார்.

மழைமானி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அந்தக் கணக்கை நம்பி யாரும் இரவில் கோயிலில் படுக்க வேண்டாம். நம் பக்கத்து மலைகளில் கருங்கல் சிதைந்து உருவான மண், காய்ந்திருக்கும்வரை துகள்களுக்கிடையே உள்ள நீரின் இழுவிசையால் செங்குத்தாகவும் நிற்கும். மழைநீர் உள்ளிறங்கினால் அந்தப் பிடி போய், எச்சரிக்கையே இல்லாமலும் இறங்கிவிடும். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலி முகாம் தளத்தில் 31 பேர் உறக்கத்தில் இருந்தபோதே மண்ணில் புதைந்து இறந்தார்கள். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்ததற்கும், பல நாள் மழையும் பின்மேட்டில் முறையாக வடியாத நீரும்தான் காரணம். ஆகவே சுவரின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை முதலில் பாருங்கள். மழைக்குப் பின்னும் அவை காய்ந்திருந்தால், அவை அடைபட்டு, நீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். மேட்டின் உச்சியில் பிறை வடிவத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் நடந்து பாருங்கள். இருந்தால் அளந்துகொண்டிருக்காமல் ஆட்களை அப்புறப்படுத்துங்கள்.

செம்பனைக்காடு:
நன்றி. ஏழு துளைகளில் ஐந்தைப் பெரணி வேர் அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் ஒன்றிலிருந்து செம்மண் கலந்த நீர் நெடுநேரம் பீறிட்டது. உச்சியில் வெடிப்பு இல்லை. ஆணிகள் அடித்தாயிற்று. பொறியாளரை அனுப்பக் கேட்டு மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டோம். அவர் வரும்வரை வெள்ளிக்கிழமை அன்னதானம் பழைய மண்டபத்தில் நடக்கும்.