மறு: 169.254 முகவரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுவலக வைஃபை சிக்கல்களுக்கான வழிகாட்டியில், 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரியைத் 'தற்காலிக முகவரி' எனலாம் என்ற கருத்து வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த முகவரி எப்போது தலைகாட்டுகிறது? மடிக்கணினி வைஃபையில் சேர்ந்துவிட்டது, கடவுச்சொல்லும் சரி, திரை மூலையில் அலைக்குறி முழுதாக நிற்கிறது. ஆனால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. கணினிகளுக்கு ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சேவையகத்திடம் கணினி முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு 169.254 வரிசையில் ஏதோ ஓர் எண்ணைத் தானே எடுக்கிறது. அந்த எண் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று, அதே வலையமைப்பில் உள்ள கருவிகளிடம் கேட்கும் ஏஆர்பி நெறிமுறை வழியே விசாரிக்கிறது. இல்லையென்றால் தனக்கே சூட்டிக்கொள்கிறது. 2005இல் வந்த ஆர்எஃப்சி 3927 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த முறை இது. இந்த முகவரியிலிருந்து வரும் தரவுப் பொதிகளை ரவுட்டர்கள் வெளியே அனுப்பக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு.

சேவையகம் தரும் முகவரியும் தற்காலிகம்தான். விண்டோஸ் சேவையகத்தில் நாம் மாற்றாதவரை குத்தகைக் காலம், அதாவது ஒரு முகவரி ஒரு கருவிக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் காலம், 8 நாள். 'தானியங்கி முகவரி' இன்னும் குழப்பும், ஏனெனில் விண்டோஸ் அமைப்புகளில் டிஎச்சிபியைத்தான் தானியங்கி என்கிறார்கள். 'உள்ளக முகவரி' என்றால், வீட்டிலும் அலுவலகத்திலும் வழக்கமாகக் காணும் 192.168 என்று தொடங்கும் முகவரி என்றே எண்ணத் தோன்றும்.

என் பரிந்துரை 'தானிடு முகவரி'. இலக்கணத்தில் இடுகுறி என்கிறோமே, காரணமின்றி இட்ட பெயர், அதே 'இடு'தான் இது.

இந்தப் பெயர் பழுது பார்ப்பவரை நேரே சிக்கலிடம் கொண்டுசேர்க்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 'தானிடு முகவரி காட்டுகிறது' என்று ஊழியர் சொன்னால், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை. முதலில் சேவையகத்தில் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பார்க்கலாம். 254 முகவரிகளே உள்ள வலையமைப்பில் ஒவ்வொருவரும் மடிக்கணினியும் கைப்பேசியுமாக வருகிறார்கள். நேற்று வந்துபோன விருந்தினரின் கைப்பேசிகூடக் குத்தகை முடியும்வரை ஓர் எண்ணைப் பிடித்துவைத்திருக்கும். குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைத்தாலே பல அலுவலகங்களில் இது தீர்ந்துவிடும். கட்டடத்தின் ஒரு தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இப்படி நேர்ந்தால், அந்தத் தளத்து அணுகுமுனையில் (வைஃபை தரும் கருவியில்) விலேன் எண், அதாவது வலையமைப்பின் எந்தப் பிரிவு என்று காட்டும் எண், தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'தன்னிடு' எனலாமா என்று கேட்ட நண்பருக்கு: அது தன்னை இடுவது என்றாகிவிடும். இங்கே இடுவது தான், இடப்படுவது முகவரி. எனவே 'தானிடு'.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. ஐபி பதிப்பு 6இல் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியையும் கணினி தானே அமைத்துக்கொள்கிறது. ஆனால் அது நலமாக இயங்கும் கணினியிலும் எப்போதும் இருப்பது. பழுதின் அடையாளம் அல்ல. அதற்கும் இதே சொல்லை வைத்தால் வழிகாட்டி தடம் மாறிவிடும். அதற்கு 'இணைப்பக முகவரி' பொருந்துமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.