செல்ஃப் எஃபிகசி: ‘இயலுறுதி’ சரிவருமா?

வணக்கம்.

‘செல்ஃப் எஃபிகசி’ (self-efficacy) என்ற உளவியல் கருத்தைத் தமிழில் சொல்ல ‘தன்னம்பிக்கை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். அது போதாது என்றே நினைக்கிறேன். ஆடை வடிவமைப்பு படிக்கும் ஒரு பெண் தான் தைத்த உடையைப் பற்றி மேடையில் அசராமல் பேசுவாள், தாளில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான வரைபடம்) போடச் சொன்னால் மளமளவென்று போட்டுவிடுவாள். அவளிடமே, கணினியில் ஆடை வடிவமைக்கும் குளோ 3டி மென்பொருளைத் திறந்து கொடுத்து, சட்டையின் கைப்பகுதியை உடல்பகுதியோடு இணைத்துத் திரையில் நிற்கும் உருவத்துக்கு மாட்டு என்றால் தயங்குவாள். அதில் தையல் விளிம்புகளைத் திசைமாற்றி இணைத்துவிட்டால் துணி முறுக்கிக்கொண்டு நிற்கும், பார்க்கவே கை ஓடாது. அவளுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று ஆய்வில் எழுதினால் அது தப்பு.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் செல்ஃப் எஃபிகசி என்று முன்வைத்தது, குறிப்பிட்ட ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியுமா என்று ஒருவர் தன்னையே எடைபோடுவதைப் பற்றி. வேலை மாறினால் மதிப்பெண்ணும் மாறும். இதை அளக்கும் அளவுகோலைத் தயாரிப்பது பற்றி 2006இல் அவர் எழுதிய வழிகாட்டியில், வாக்கியம் ‘செய்வேன்’ என்று இருக்கக்கூடாது, ‘செய்ய முடியும்’ என்றுதான் இருக்க வேண்டும் என்கிறார். ஆகவே ‘நான் கணினியில் கெட்டிக்காரி’ என்ற வாக்கியத்தால் பயனில்லை. ‘டார்ட்டை (உடை உடலோடு பொருந்தத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) வேறிடத்துக்கு மாற்ற என்னால் முடியும்’, இதற்கு 0 முதல் 100 வரை எவ்வளவு உறுதி? காம்போ, ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1995இல் கணினிக்கென்று செய்த அளவுகோல் இன்னும் நுணுக்கமானது: சொல்லித்தர ஆளில்லாதபோது முடியுமா, கையேடு மட்டும் இருந்தால், இன்னொருவர் செய்வதைப் பார்த்த பிறகு என்றெல்லாம் பிரித்துக் கேட்கிறது. நம் மாணவர்களுக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘தன்திறன்’ என்றால் திறனையே அளந்ததாக ஆகிவிடும், நாம் அளப்பது திறனைப் பற்றிய உறுதியை. ‘செயல்திறன் நம்பிக்கை’யில் உள்ள செயல்திறன் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது. நான் முன்வைப்பது ‘இயலுறுதி’. உளவியல், இயற்பியல் என்று ‘இயல்’ துறைப்பெயராக வருகிறதே, குழப்பாதா என்று கேட்கலாம். ஆனால் இயலும், இயலாது, இயலாமை எல்லாம் அன்றாடம் புழங்குபவை, அந்த வரிசையில் இது தானாகவே போய் உட்காரும். ‘கணினி இயலுறுதி’, ‘எண்ணிம (டிஜிட்டல்) வடிவமைப்பு இயலுறுதி’ என்று அடைமொழி சேர்க்கவும் வசதி.

அப்புறம், இந்தச் சொல் ஆய்வேட்டுக்கு மட்டும்தான். மாணவர் கையில் கொடுக்கும் கேள்வித்தாளில் இதைப் போட வேண்டாம், அங்கே ‘என்னால் முடியும்’ என்பதே போதும்.