சங்கரன்கோவில் சொந்தங்கள்: முயல் பிரச்சினை

*சனிக்கிழமை*

குமரன்: சேகர் மாமா, துப்பாக்கி லைசென்ஸ் அட்டை வந்துவிட்டது. எனக்கும் வித்யாவுக்கும் ஒரே தபாலில்.

குமரன்: இனி துப்பாக்கி வாங்க வேண்டும். புதிதாக நட்ட திராட்சைக் கன்றுகளில் ஒரு வரிசை முழுக்க முயல்கள் பட்டையைச் சுரண்டித் தின்றுவிட்டன. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), சைலன்சர், பூட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து 1000 டாலருக்குள் முடியுமா?

பெரியப்பா: முயலுக்குத் துப்பாக்கியா? இங்கே நம் ஊரில் முயலைத் தொட்டால் வனத்துறை தூக்கி உள்ளே வைத்துவிடும். 1972-லேயே சட்டம் போட்டாயிற்று.

குமரன்: நியூசிலாந்தில் தலைகீழ் பெரியப்பா. முயல் இந்த மண்ணின் பிராணியே இல்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. எங்கள் சென்ட்ரல் ஒட்டாகோ மாதிரி வறண்ட பூமி என்றால் அதற்குக் கொண்டாட்டம். நிலம் யாருடையதோ அவர்தான் கட்டுப்படுத்த வேண்டும். இங்கே அலெக்சாண்ட்ரா ஊரில் ஈஸ்டருக்கு முயல் வேட்டைப் போட்டியே நடக்கும்.

பெரியப்பா: ஈஸ்டர் முயல் சாக்லேட் கொண்டுவரும் என்றல்லவா பேரன் சொன்னான்?

வள்ளி அத்தை: மருந்து வைத்தால் ஆகாதா தம்பி? துப்பாக்கி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

குமரன்: பக்கத்துத் தோட்டத்தில் பிண்டோன் என்ற முயல் விஷம் வைத்திருக்கிறார்கள் அத்தை. நம் நாய் கண்டதையும் வாயில் போடும். அதனால்தான் யோசிக்கிறேன்.

சேகர் மாமா: மாப்பிள்ளை, இப்போதுதான் பார்த்தேன். துப்பாக்கி கிடக்கட்டும். எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறாய்? பக்கத்து வீடு எங்கே?

குமரன்: 50, 60 மீட்டர் மாமா. வீடு ஒன்று முந்நூறு மீட்டரில் இருக்கிறது. கடையில் .17 ஹெச்எம்ஆர் தோட்டா சுடும் துப்பாக்கிதான் வாங்கச் சொன்னார்கள்.

சேகர் மாமா: சொல்வார்கள். .17 நல்ல சரக்குதான், 2002-ல் வந்தது. குண்டு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், நொடிக்கு 770 மீட்டர் வேகம். 150 மீட்டர் வரைக்கும் குறி வைத்த இடத்தில் விழும். ஆனால் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போவதால் சைலன்சர் போட்டாலும் சாட்டையைச் சொடுக்கிய மாதிரி சத்தம் வரும். ஒரு முயல் விழும், மிச்சமெல்லாம் வளைக்குள். தோட்டா விலையும் கையைக் கடிக்கும்.

சேகர் மாமா: உனக்கு .22 லாங் ரைஃபிள் போதும். 1887-லிருந்து ஓடுகிற தோட்டா. அதில் சப்சானிக் என்று கேட்டு வாங்கு. ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக, நொடிக்கு 320 மீட்டர் போல. சைலன்சரோடு சுட்டால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயப் போகும். நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சேகர் மாமா: ஒன்றை மட்டும் மறக்காதே. .22 ஈயக்குண்டு கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் தெறித்து எங்கேயோ போகும். சும்மா விட்டால் ஒரு கிலோமீட்டர் தாண்டும். உங்கள் ஊரெல்லாம் பாறை. முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லை என்றால் விசையில் விரலே வைக்கக் கூடாது.

குமரன்: சரி மாமா. ஒவ்வொரு சூட்டுக்கும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வேண்டாமா? 2019 கிரைஸ்ட்சர்ச் மசூதித் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் பெரும்பாலும் தடை, ஆனால் .22-ல் பத்து தோட்டா வரை பரவாயில்லை என்று வகுப்பில் சொன்னார்கள்.

சேகர் மாமா: சட்டம் விட்டாலும் உனக்கு வேண்டாம். சப்சானிக் தோட்டாவில் உந்து சக்தி கம்மி, செமியில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை என்றால் நம் கைதான் இயந்திரம். மேலே தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே இறக்கு. அந்த இரண்டு நொடியில் ‘இதைச் சுடத்தான் வேண்டுமா’ என்று மூளைக்கும் நேரம் கிடைக்கும்.

பெரியப்பா: எங்கள் அப்பாவிடம் ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. அதில் காட்டுப்பன்றி சுட்டதைக்கூட நான் பார்த்ததே இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் துணியில் சுற்றி சைக்கிளில் வைத்து ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்ததுதான் நினைவிருக்கிறது.

வள்ளி அத்தை: 😂😂

*ஞாயிற்றுக்கிழமை*

குமரன்: மாமா, மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாரின்கோ ஜே.டபிள்யூ.-15, சி.இசட். 457, டிக்கா டி1எக்ஸ்.

சேகர் மாமா: டிக்காவை அடித்துவிடு. அருமையான துப்பாக்கி, ஆனால் உன் 1000 அதிலேயே கரைந்துவிடும்.

சேகர் மாமா: நாரின்கோ சீனாக்காரன் செய்தது. பழைய செக்கோஸ்லோவாக்கியா புர்னோ துப்பாக்கியைப் பார்த்துச் செய்த நகல். இந்த நியூசிலாந்துப் பண்ணைகளில் பாதி பேரிடம் ட்ராக்டர் இருக்கைக்குப் பின்னால் அதுதான் கிடந்தது. மரக்கட்டை முரடு, விசை கனம். ஆனால் சுடும். சி.இசட். என்பது அந்தப் புர்னோவின் சொந்தப் பேரன். புதுசு உன் பட்ஜெட்டை முட்டும், அதன் பழைய மாடல் 452 கிடைத்தால் யோசிக்காமல் எடு.

குமரன்: பழையது வாங்கலாமா?

சேகர் மாமா: .22 சீக்கிரத்தில் தேயாது மாப்பிள்ளை. போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து குழலுக்குள் பார், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். குழலின் வாயில் அடிபட்ட வடு இருக்கக் கூடாது. தோட்டா உட்காரும் விளிம்பில் சின்னப் பள்ளம் தெரிந்தால் யாரோ தோட்டா இல்லாமல் சும்மா சும்மா விசையை அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வைத்துவிட்டு வா. சைலன்சருக்கு மரை இருக்கிறதா, தோட்டா அடுக்கும் மேகசின் கூட வருகிறதா, அதையும் கேள்.

சேகர் மாமா: அப்புறம் ஸ்கோப். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. அது நூறு மீட்டருக்கு மேல் பார்க்கச் செய்தது, கிட்டத்தில் கண்ணை அசைத்தால் குறியும் அசையும். .22-க்கு என்றே 50 மீட்டருக்கு அமைத்தது இருக்கிறது. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் துப்பாக்கியில் உட்காரும் தடம் 11 மில்லிமீட்டரா, அகலமானதா என்று பார்த்து வாங்கு. நான் முதல் முறை தப்பாக வாங்கி, 200 கிலோமீட்டர் திரும்பக் கார் ஓட்டினேன். மாமியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மாமி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

சேகர் மாமா: 🙏

வித்யா: எல்லாம் படித்தேன். ஒரு சின்ன விஷயம்.

வித்யா: காலையும் மாலையும் அந்த வரிசைகளில் இருப்பது நான்தான். இவர் ஆறு மணிக்கு மேல்தான் வேலையிலிருந்து வருகிறார். நான் இடது கைக்காரி. போல்ட் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

வள்ளி அத்தை: அப்படிப் போடு!

சேகர் மாமா: தப்பு என்னுடையதுதான் அம்மா. முதலில் கேட்டிருக்க வேண்டும். வலது கைத் துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை மேலே சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். உனக்கு அது வேண்டாம். சாவேஜ் மார்க் 2 தேடு. இடது கைக்கென்றே தனியாகச் செய்கிறார்கள், விலையும் நடுத்தரம். விசையின் கனத்தை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அருண் (டொராண்டோ): சாவேஜ் மார்க் 2 செய்வது இங்கே லேக்ஃபீல்டில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது 😀

பெரியப்பா: அப்படியானால் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே.

அருண் (டொராண்டோ): பெரியப்பா, ஏர்போர்ட்டில் என்னைப் பிடித்து வைத்தால் யார் ஜாமீன் எடுப்பது?

*இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை*

வித்யா: டனீடன் நகரில் இடது கை சாவேஜ் ஒன்று, பழையது, கிடைத்தது. பூட்டுப் பெட்டி, ஸ்கோப், சைலன்சர் எல்லாம் சேர்த்து 960. போல்ட் தனியாக, தோட்டா தனியாகப் பூட்டியாயிற்று. துப்பாக்கிப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

சேகர் மாமா: போனில் நான்கு வகைத் தோட்டா வாங்கச் சொன்னேனே?

வித்யா: வாங்கினேன் மாமா. 50 மீட்டரில் அட்டை வைத்து, வகைக்கு ஐந்து. மிக மலிவான பெட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. இன்னொன்றில் ஐந்தும் இரண்டு டாலர் நாணயத்துக்குள் அடங்கின. அதே துப்பாக்கி, அதே கை. நம்பவே முடியவில்லை.

சேகர் மாமா: ஒவ்வொரு .22-க்கும் ஒவ்வொரு தோட்டாதான் பிடிக்கும். ஏன் என்று கேட்காதே. பிடித்ததில் நாலைந்து பெட்டி வாங்கி வை.

*ஞாயிற்றுக்கிழமை*

வித்யா: நேற்று மாலை மூன்று. எல்லாம் 50 மீட்டருக்குள், பின்னால் மண்கரை.

வள்ளி அத்தை: குழம்பு வைத்தாயா?

வித்யா: பக்கத்தில் மருந்து வைத்திருக்கிறார்களே அத்தை. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான்.

பெரியப்பா: குமரன் எத்தனை?

குமரன்: டார்ச் பிடித்தேன் பெரியப்பா.

குமரன்: சேகர் மாமா, அந்தப் பழைய 452 வலது கைக்கு எங்கேயாவது கிடைக்குமா?

வித்யா: மிச்சம் 40 டாலர் இருக்கிறது. அதற்குள் பாருங்கள்.