6 வயதுக் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து ஆட எந்த விளையாட்டு?

கூடல்வாசி:
வீட்டில் ஐந்து பேர்: 6, 11 வயதில் இரண்டு பெண் பிள்ளைகள், நாங்கள் இருவர், மாமியார். லூடோவில் பெரியவர்கள் யோசிக்க அதிகம் இல்லை. செஸ் என்றால் சின்னவளுக்கு வாய்ப்பே இல்லை. முக்கால் மணி நேரத்துக்குள் முடியணும். மாமியாரால் தரையில் உட்கார முடியாது. எதை எடுக்கலாம்?

சோழிமுத்து:
தாயம். சார்ட் பேப்பரில் 5×5 கட்டம் போட்டு மேசையில் விரியுங்கள். ஆளுக்கு 4 காய். நாலு பேர்தான் ஆடலாம் என்பதால் சின்னவளும் பாட்டியும் ஒரே கட்சி. உருட்டுவது குழந்தை, எந்தக் காயை நகர்த்துவது என்று இருவரும் பேசி முடிவு செய்யட்டும். வெட்டுவதா, மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) போய் ஒதுங்குவதா என்ற யோசனை பெரியவர்களுக்கும் சலிக்காது.

பிள்ளைகள் பாதியில் எழுந்து போவது, காய் இறக்கத் தேவையான தாயம் (மொத்தம் 1) விழாததால்தான். கட்டையின் நாலு பக்கமும் 0, 1, 2, 3. இரண்டு கட்டையில் 16 விதமாக விழும். அதில் தாயம் வருவது 2 விதத்தில் மட்டுமே, அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது! அதனால் 5 விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒன்றாகிவிடும். ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்ற விதியை முதல் சில நாள் விட்டுவிடுங்கள், ஆட்டத்தை இழுப்பது அதுதான்.

பித்தளைக் கட்டையில் புள்ளி தேய்ந்திருந்தால் கறுப்பு நெயில் பாலிஷ் வையுங்கள். பாட்டி கண்ணுக்குப் புள்ளி நன்றாகத் தெரியும்.

ஏழுகுழி:
சின்னவளோடு தனியாக ஒருவர் ஆட பல்லாங்குழியை விடக்கூடாது. 14 குழி, குழிக்கு 5 என்று 70 புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு வரணும்; கடைசிக் கொட்டை விழுந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்தது காலி என்றால் அதற்கு அடுத்த குழியில் இருப்பதை வழித்தெடுத்து ஆட்டத்தை விடணும்.

குழந்தையைப் பிடித்து வைப்பது பசு. தன் பக்கத்துக் குழியில் நாலு சேர்ந்தால், ஆடுவது யாராக இருந்தாலும் அந்த நாலும் அவளுக்கு. அடுத்தவர் முறையிலும் கண்ணை எடுக்க மாட்டாள். தகராறு வருவது ஒரே குழியில் இரண்டு கொட்டை நழுவும்போது. நிதானமாக ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் மனசுக்குள் குழியை எண்ணிப் பார்த்துவிட்டு ஆடினால் குழந்தை ஜெயிக்கவே முடியாது. பத்து எண்ணுவதற்குள் அள்ளணும் என்று அவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வையுங்கள்.

ஸ்ட்ரைக்கர்:
கேரம் வாங்குவதென்றால் ஸ்டாண்டோடு வாங்குங்கள், பாட்டி நாற்காலியில் இருந்தே ஆடலாம். பெரிய போர்டின் ஆடுதளம் 74 செ.மீ.; 6 வயதுக் கைக்கு எட்டாது, ஸ்டூலில் நிற்க வைக்கணும். போரிக் பவுடர் மட்டும் வேண்டாம், சின்னக் கை வாய்க்குப் போகும். ஸ்டார்ச் பவுடர் கேட்டு வாங்குங்கள்.

கூடல்வாசி:
தாயமே எடுக்கிறோம். 5-க்கும் காய் இறக்கினால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடாதா?

சோழிமுத்து:
முடியாது. வெட்டுப்பட்ட காய் திரும்ப முதலிலிருந்து வரணுமே, நேரம் போவது அங்கேதான். ஆனால் கடைசியிலும் அதே தொல்லை உண்டு: பழத்துக்கு (காய் போய்ச் சேரும் நடுக்கட்டத்துக்கு) ஒரு கட்டம் முன்னால் காய் நின்றால் மறுபடி தாயத்துக்குத்தான் காத்திருக்கணும். சின்னவள் கட்சிக்கு மட்டும் எண்ணிக்கை கூடினாலும் பழம் என்று விட்டுக்கொடுங்கள்.