ஒலிம்பிக் நேஷனல் பார்க்: முட்டி வலி உள்ள அம்மாவ கூட்டிட்டு எந்த பீச் போலாம்?

பெல்வியூ_வாசன்:
வணக்கம் மக்களே, செப்டம்பர்ல அப்பா அம்மாவோட சியாட்டில்ல இருந்து ஒலிம்பிக் பார்க்குக்கு (அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம்) கிளம்புறோம், பார்க் பக்கத்துல ஃபோர்க்ஸ்ங்கற ஊர்ல ரெண்டு நைட் ரூம் போட்டாச்சு. ஹோ மழைக்காடு கட்டாயம் பாக்கணும், கூட ஒண்ணு ரெண்டு பீச். அம்மாவுக்கு முட்டி வலி, ஏறி இறங்க முடியாது, ஆனா சமதரைன்னா மெதுவா ரெண்டு கிலோமீட்டர் நடந்துடுவாங்க. ரியால்டோ, ரூபி, செகண்ட் பீச்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எது சரிப்படும்?

நடராஜா_நட:
அம்மாவுக்கு ரியால்டோ தான் ப்ரோ. கார் நிறுத்துற எடத்துக்கு பக்கத்துலயே கடல். ஆனா கரை முழுக்க கூழாங்கல்லு, கால் உள்ள புதையும், அதனால ஷூ போட்டு கைத்தடியோட வர சொல்லுங்க. அலை திரும்பி போறப்ப அத்தனை கல்லும் உருண்டு கடகடன்னு ஒரு சத்தம் வரும், அத கேட்டுட்டே மணிக்கணக்கா உக்காந்திருக்கலாம். செகண்ட் பீச் ரொம்ப அழகு, ஆனா காட்டுக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கு மேல நடந்து, எறக்கம் எறங்கி, கடைசில குவிஞ்சு கெடக்குற மரக்கட்டைங்கள தாண்டித்தான் மணலுக்கே போகணும். அது வேணாம்.

கடல்பித்தன்:
எந்த பீச் போனாலும் டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி இறங்குற நேர அட்டவணை) பாக்காம போகாதீங்க, ரியால்டோ பக்கத்துல இருக்குற லா புஷ் ஊருக்கு உள்ளத பாருங்க. ரியால்டோல வடக்க ரெண்டரை கிலோமீட்டர் போனா ஹோல் இன் த வால், கடல் பாறைய குடைஞ்சு போட்ட ஓட்டை, லோ டைட்ல, அதாவது தண்ணி இறங்கியிருக்கறப்ப தான் உள்ள பூந்து அந்தப் பக்கம் போக முடியும், பாறை இடுக்குல நட்சத்திர மீன் ஒட்டிட்டு இருக்கும். தண்ணி ஏற ஆரம்பிச்சா உடனே திரும்பிடுங்க. கரைல கெடக்குற ராட்சச மரங்க டன் கணக்கு வெயிட், அதையே அலை தூக்கி புரட்டிடும், அதுல மாட்டி உயிரே போயிருக்கு. ஹை டைட்ல, தண்ணி ஏறியிருக்கறப்ப, அது கிட்டயே போக விடாதீங்க.

மதுரை_மீனா:
ஹோ மழைக்காட்டுல ஹால் ஆஃப் மாசஸ்ங்கற நடைபாதைல போங்க தம்பி, ஒண்ணேகால் கிலோமீட்டர் சுத்து தான், ஆரம்பத்துல மட்டும் சின்ன ஏத்தம். அம்மா அங்கங்க நின்னு பாக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. வருஷத்துக்கு 3500 மி.மீ. பக்கம் மழை, மேப்பிள் கிளைல எல்லாம் பாசி தாடி விட்டு தொங்கும். விழுந்து கெடக்குற மரத்து மேல கன்னுங்க வரிசையா முளைச்சிருக்கும், அடில கெடந்த அந்த மரம் மக்கி போனப்புறம் வேர் மட்டும் கால் ஊனி நிக்கும், நடுவுல வெறும் ஓட்டை. அதையெல்லாம் காட்டுங்க. பார்க்கிங் சீக்கிரம் ரொம்பிடும், விடியக்காலைலயே போயிடுங்க. அங்க சாப்பிட கடை கிடையாது, புளிசாதம் கட்டிக்கோங்க. சிக்னலும் வராது, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க.

பெல்வியூ_வாசன்:
ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. மழை பெஞ்சா ஹோ போறது வேஸ்டா?

மதுரை_மீனா:
பெஞ்சா இன்னும் நல்லது, பாசி அப்பத்தான் பளபளன்னு இருக்கும். ரெயின்கோட் மட்டும் எடுத்துக்கோங்க.