ஒக்டோபர் விற்பனை கூடியது பூஸ்டாலா, தீபாவளியாலா?

கணக்கன்:
காலி வீதிச் சாறிக்கடை ஒன்றுக்கு பேஸ்புக் விளம்பரம் செய்தவர் நேற்று எழுதியிருந்தார். 2024 ஒக்டோபர் விற்பனை முந்தைய ஒக்டோபரைவிட ஒன்றரை மடங்காம், முழுக்கத் தன் பூஸ்டால்தானாம், அதாவது பேஸ்புக்குக்குக் காசு கட்டிப் பதிவைக் கூடப் பேருக்குக் காட்டியதால்தானாம். வாசிக்கவே எரிச்சல் வந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் ஒக்டோபர் 31. சனம் உடுப்பெடுக்கும் கடைசி இரண்டு கிழமை முதல் வருடம் பெரும்பாலும் நவம்பரில் விழுந்தது, அடுத்த வருடம் முழுக்க ஒக்டோபரில். அந்த இரண்டு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மதிப்பீடா?

வெள்ளவத்தை விளம்பரம்:
செய்தது நான்தான், பெயரை ஏன் மறைக்கிறீர்கள்? ரீச் எவ்வளவு போனது, அதாவது எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று படம் போட்டிருந்தேன், பார்க்கவில்லையா? போனில் அந்த மாம்பழ நிறச் சாறியைப் பெரிதாக்கிக் காட்டி, "இதே கரை வேணும்" என்று கேட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கடையில் நின்று பார்த்தவன் நான்.

கணக்கன்:
அப்படி எத்தனை பேர் வந்தார்கள்? யாராவது பில் மூலையில் குறித்து வைத்தார்களா? ரீச்சைக் காட்டிக் கடை வாடகை கட்ட முடியாது. தீபாவளி நவம்பர் 12 என்றேனே, அதற்குப் பதில்?

இரண்டாம் குறுக்குத்தெரு:
அந்த ஒக்டோபரில் புறக்கோட்டையில் கால் வைக்க இடமில்லை. நாங்கள் ஒரு பூஸ்டும் போடவில்லை. இங்கே மொத்தமாக எடுத்துப்போய் இரட்டை விலைக்கு விற்கும் வெள்ளவத்தைக்காரருக்குத்தான் விளம்பரம் தேவை.

வெள்ளவத்தை விளம்பரம்:
மொத்தக் கடைக்காரர் இதில் ஏன் வருகிறீர்கள்? எங்கள் சரக்கு நேரே சென்னையிலிருந்து வருகிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
சண்டையை விடுங்கோ தம்பிமார். நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒருவரிடம் காசு கொடுத்து விளம்பரம் போட்டேன். "விலை என்ன?" என்று மெசேஜ் வந்து குவிந்தது, தைக்கத் துணி கொண்டு வந்தவர்கள் குறைவு. இதை எப்படித்தான் பார்ப்பது?

கணக்கன்:
அக்கா, மெசேஜை எண்ணாதீர்கள், துணி தந்தவர்களை எண்ணுங்கள். விளம்பரத்தால் வந்த ஓடர்களில் நூல், லைனிங், கூலி போக மிஞ்சியது விளம்பரச் செலவைவிடக் கூடவா என்று பாருங்கள். சாறிக்கடைக்கும் இதே கதைதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய முப்பது நாளை எடுத்து ஒப்பிட வேண்டும். அதிலும் ரூபாயை விட்டு பில்லை எண்ண வேண்டும், ஏனென்றால் 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது. விலை ஏறினாலும் விற்பனைத் தொகை கூடித்தான் தெரியும்.

வெள்ளவத்தை விளம்பரம்:
சின்னக் கடை வற்றுக்குப் பதிவே இல்லை. இதுகூடத் தெரியாமல் கணக்கன் என்று பெயர்!

கணக்கன்:
பதிவு இல்லாத கடையும் சரக்கு எடுக்கும்போது வற் கட்டித்தான் எடுக்கிறது. அதை விலையில் போடாமல் கையிலிருந்தா கொடுக்கிறார்கள்? சரி, வற்றை விடுங்கள். நவம்பர் 12க்கு வாருங்கள். இரண்டு வருடத்து நவம்பர் விற்பனையையும் போடுங்கள்.

வெள்ளவத்தை விளம்பரம்:
முதலாளியின் கணக்கை ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

கணக்கன்:
ஒக்டோபர் கணக்கைக் காட்ட மட்டும் உரிமை இருந்ததோ?

வெள்ளவத்தை விளம்பரம்:
வெசாக் கூடு விற்றவருக்கு நான் விளம்பரம் செய்தபோதும் இப்படித்தான் வந்து குழப்பினீர்கள். அப்போதிருந்தே உங்களுக்கு என்மேல் காய்ச்சல்.

கணக்கன்:
வெசாக் முடிந்த மாதத்தோடு வெசாக் மாதத்தை ஒப்பிட்டால் கேட்கத்தான் செய்வேன். தீபாவளி 2023இல் எந்த மாதம்?

கொட்டாஞ்சேனை அக்கா:
லைனிங் சரி, என் கூலியை நானே எப்படிப் போடுவது? அதை ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாம் குறுக்குத்தெரு:
சென்னைச் சரக்கு என்றவர் கொஞ்சம் நில்லுங்கள். போன மாதம் எங்கள் தெருவில் கடனுக்கு மூட்டை கட்டியது எந்த ஊர்க் கடை?