மறு: மறு: த்ராட்டிலிங்குக்குத் தமிழ் (நாளை ஆறு மணிக்குள் வேண்டும்)

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை ஆறு மணிக்கு அச்சகத்தில் கொடுத்தால்தான் திங்கட்கிழமை மாணவர் கைக்குப் போகும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: தெர்மல் த்ராட்டிலிங்.

போன வாரம் ஒரு மாணவர் தன் கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் ஆட்டம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் படம் திக்குகிறது. அளந்து பார்த்தோம். கிராபிக்ஸ் சிப்பின் சூடு 87 டிகிரியைத் தொட்டதும் வேகம் 1,700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,100-க்கு விழுகிறது. கொஞ்சம் ஆறியதும் ஏறுகிறது, மறுபடி விழுகிறது. கருகிப்போகாமல் இருக்கச் சிப் தானே செய்துகொள்ளும் இந்த ஏற்பாடுதான் தெர்மல் த்ராட்டிலிங். "வெப்பத் தணிப்பு" என்று எழுதி வைத்தேன். வாசித்த பிள்ளைகள் விசிறியைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வேறு சொல் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

டீச்சர், பிள்ளைகள் மேல் குற்றமில்லை. "வெப்பத் தணிப்பு" என்றால் வெப்பத்தைத் தணிப்பது என்றுதான் யாரும் விரிப்பார்கள். அது இரண்டாம் வேற்றுமை. உமக்கு வேண்டியது மூன்றாம் வேற்றுமை. வெப்பத்தால் வேறொன்று குறைகிறது, வெப்பம் இங்கே காரணம் மட்டும்தான். தொகையில் உருபு மறைந்திருப்பதால் வந்த வினை.

ஆங்கிலச் சொல்லின் வேருக்குப் போவோம். த்ரோட் என்றால் தொண்டை, அதை நெரிப்பது த்ராட்டில். நம்மிடம் மிடறு இருக்கிறது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்திலேயே "கறைமிடறு" வருகிறது. உள்ளே போனால் உயிருக்கு ஆகாத நஞ்சைச் சிவன் தொண்டையிலேயே நிறுத்திய செயல் அது. மடை, மடக்கு, மிடறு மூன்றும் ஒருவேர்க் கிளைகள் என்பது என் நெடுநாள் துணிபு. ஆகவே "வெம்மிடற்றடக்கம்". விளக்கம் வேண்டுவோர் கேட்கலாம், நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து:

ஐயா மன்னிக்கணும். "மிடறு அடங்குது" என்று யாராவது கடைக்கு வந்தால் நான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் அனுப்புவேன். இங்கே வருகிற அத்தனை பேரும் சொல்வது "சூடானா அடங்கிருது" என்றுதான். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: சூட்டடக்கம்.

டீச்சர், அந்தத் தம்பி லேப்டாப்பை மெத்தையில் வைத்தா ஆடுகிறார்? கேளுங்கள். காற்று அடிப்பக்கமாக உள்ளே போகவேண்டும், மெத்தை அதை அடைத்துவிடும். பின்பக்கம் இரண்டு விரல்கடை உயர்த்தி வைத்தாலே கொஞ்சம் இறங்கும். விசிறியில் தூசி இருந்தால் ஊதச் சொல்லுங்கள், ஆனால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதணும். நிறைய மாடல்களில் சிபியுவுக்கும் கிராபிக்ஸுக்கும் சூட்டை வெளியே கடத்த ஒரே செம்புக்குழாய்தான். ஒன்று கொதித்தால் மற்றதும் கொதிக்கும். இங்கே சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது சிப் எங்கே போய் ஆறும்?

சேரன்மகாதேவியிலிருந்து:

இதற்கு நம் ஆற்றங்கரையிலேயே சொல் இருக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கூடினால் என்ன செய்வோம்? வாய்க்காலையா மூடுகிறோம்? மதகுப் பலகையை இறக்குவோம். ஓட்டம் நிற்காது, குறையும். த்ராட்டில் என்பதும் அதே வேலைதான். "மதகிறக்கம்" என்று வையுங்கள். தாமிரபரணிக்காரனுக்கு விளக்கமே வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, படம் அழகு. ஆனால் என் வகுப்பில் பாதிப்பேர் மதகைப் பார்த்ததே இல்லை, ஷட்டர் என்றால்தான் தெரியும். வண்ணார்பேட்டைத் தம்பிக்கு: "அடக்கம்" எனக்கும் பிடித்தது, ஒரே ஒரு சிக்கல். எங்கள் தெருவில் அடக்கம் என்றால் கோயில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது. "வரைகலை அட்டைக்கு அடக்கம்" என்று அச்சடித்தால் மாலையோடு வந்துவிடுவார்கள். (வரைகலை அட்டை என்று நான் எழுதியிருப்பது கிராபிக்ஸ் கார்டை.)

சென்னையிலிருந்து (சொந்த ஊர் களக்காடு):

அட்டை என்றதும் ஞாபகம் வந்தது. மாஞ்சோலை மலைக்குப் போய் வந்தவனிடம் அட்டை சூடாகிறது என்று சொல்லிப் பாருங்கள், உப்பு எடுத்துக்கொண்டு வருவான். அதோடு இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் அட்டையே கிடையாது, பலகையிலேயே பற்றவைத்த சிப்தான். மேசைக் கணினியில்தான் கழற்றி மாட்டலாம். "மடிக்கணினி" என்று பெயர் வைத்ததும் நாம்தான், மடியில் வைத்துக் காற்றை அடைப்பதும் நாம்தான். சொல்லே கெடுத்தது.

நான் சொல்வது எளிது: "திராட்டிலிங்" என்றே விடுங்கள். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" என்று, அயல் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் எழுதத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். முதல் எழுத்தோடு ஓர் இகரம் சேர்த்தால் முடிந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

வடசொல்லுக்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்கு இழுப்பது என்ன நியாயம்? 1930-களிலேயே கலைச்சொல் தொகுக்க முனைந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இயங்கியது இந்தத் திருநெல்வேலியில்தான். அந்த மண்ணில் பிறந்துவிட்டு "திராட்டிலிங்" என்கிறீர்.

"அடக்கம்" பற்றி ஒன்று. அடக்குவது வேறு, அடங்குவது வேறு. வெளியிலிருந்து யாரும் சிப்பை அடக்கவில்லை, அதுவே ஒடுங்குகிறது. மதகை ஒருவன் இறக்கவேண்டும், இங்கே மதகே தானாக இறங்குகிறது. வள்ளுவர் ஆமையைச் சொன்னார், ஆபத்து வந்தால் ஐந்து உறுப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். "ஆமையொடுக்கம்" என்றால் என்ன?

வண்ணார்பேட்டையிலிருந்து:

ஐயா, பில்லில் "ஆமை சரிசெய்தது, 800 ரூபாய்" என்று எழுதவா?

வள்ளியூரிலிருந்து:

இழையை இப்போதுதான் முழுதும் படித்தேன். எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சிப் வேகம் குறைப்பது சூட்டுக்கு மட்டுமல்ல. சார்ஜர் சிறிதாக இருந்தாலும் குறைக்கும், பேட்டரியில் ஓடினாலும் குறைக்கும். அதுவும் த்ராட்டிலிங்தான், காரணம்தான் வேறு. மதகும் மிடறும் ஆமையும் வைத்தால் அடுத்ததற்கு என்ன வைப்பீர்கள், நத்தையா? "வேகக்குறைப்பு" என்று ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு முன்னால் காரணத்தைச் சேருங்கள். சூட்டு வேகக்குறைப்பு, மின் வேகக்குறைப்பு. பிள்ளைகளுக்கு நோய் எங்கே என்று தேடவும் அது உதவும். சூடு என்றால் தூசியைப் பார்ப்பார்கள், மின் என்றால் சார்ஜரைப் பார்ப்பார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

"சூட்டு வேகம்" என்றால் மாலை சூட்டும் வேகமா? சூடு என்பதற்கு நெற்கட்டு என்றும் பொருளுண்டு, சூடடிப்பு தெரியாதவரா நீங்கள்?

சேரன்மகாதேவியிலிருந்து:

வேகம் மட்டுமா குறைகிறது? மின்னழுத்தமும் சேர்ந்துதானே குறைகிறது? சூடு அழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. வேகத்தைத் தொடாமல் அழுத்தத்தை மட்டும் பத்துச் சதவீதம் குறைத்தாலே, இயங்குவதால் வரும் சூடு ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கையாலேயே அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள். "வேகக்குறைப்பு" பாதி உண்மைதான். மதகு என்றால் இரண்டும் அடங்கும். மறுபடி சொல்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

மணி ஐந்தே கால். "சூட்டு வேகக்குறைப்பு" என்றே கொடுத்துவிட்டேன். வள்ளியூர், வண்ணார்பேட்டை, சென்னை மூவரும் ஒத்துக்கொண்டார்கள் (சென்னை அரைமனதாக). பக்கத்திலேயே "த்ராட்டிலிங்" என்றும் போட்டிருக்கிறேன், ஐயா கோபிக்கக்கூடாது.

இன்னொன்றும் மாற்றினேன். சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டுக்கு "வெப்பப் பசை" என்று போன முறை எழுதியிருந்தேன். ஒரு பையன் ஒட்டுகிற பசை என்று நினைத்து, சிப்பைச் சுற்றிலும் வழிய வழியப் பூசிவிட்டான். இப்போது "வெப்பக் களிம்பு", பட்டாணி அளவு போதும் என்றும் சேர்த்திருக்கிறேன். இதற்கு எதிர்ப்பு இருந்தால் அடுத்த பதிப்பில்.

சேரன்மகாதேவியிலிருந்து:

என் எதிர்ப்பு பதிவாகட்டும். மதகிறக்கம்.

பாளையங்கோட்டையிலிருந்து (செவ்வாய்):

வகுப்பு முடிந்தது. அந்த மாணவர் மெத்தையில் வைத்துத்தான் ஆடியிருக்கிறார், தம்பி சொன்னது சரி. தூசி எடுத்து, களிம்பு மாற்றி, பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) அறுபதில் நிறுத்தியதும் சூடு 78-ஐத் தாண்டவில்லை. கையேட்டுச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. நான் ஐயாவின் ஆமைக் கதையைச் சும்மா சொல்லிவைத்தேன். இப்போது லேப்டாப் திக்கினால் பின்பெஞ்சிலிருந்து சத்தம் வருகிறது: "டீச்சர், ஆமையாயிட்டு!"

அம்பாசமுத்திரத்திலிருந்து:

மகிழ்ச்சி. ஆனால் அது உவமையாகுபெயர். அதைக் கலைச்சொல்லாகக் கொள்ள முடியாது. "ஆமையொடுக்கம்" என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்.